கண்ணாடி தலைக்கு ஏறினால்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளித் தலைமுடியில் செருகிக்கொண்டார் என்றால், பல்செட் அக்கா பறக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். அது தெரிந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்கடைக்காரர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஜன்னல் விளிம்புல ஒரு அண்டங்காக்கா வந்து உக்காருது. தலையச் சாய்ச்சு உள்ள பாக்குது" என்று மெதுவாகச் சொல்வார். மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு முதுகு சிலிர்க்கும். பேய்க்கோட்டைக் கதையில் அண்டங்காக்கை வந்தால் சிலிர்க்கத்தானே வேண்டும்? அந்தக் காக்கை தங்கள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதிக்கும் அறையில் மேசை போட்டு உட்காருவார்கள். விளக்கை வேண்டிய அளவுக்கு மங்கலாக்கிக்கொள்ளும் வசதி அந்த அறையில் உண்டு. பயங்கரக் கதைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கடைக்காரர்தான் கதையை நடத்துபவர். மூடுபனி மூடிய ஓர் ஊர், மலைமேல் ஒரு பாழடைந்த கோட்டை, அதில் இரத்தம் குடிக்கும் ஒரு பிரபு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவத் திறக்கறேன்", "நான் ஓடறேன்" என்று சொல்லிச் சொல்லிக் கதைக்குள் நடப்பார்கள். செய்தது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லிவிடும். நாள் முழுக்க ஊசி போடும் நர்ஸ் இங்கே வாளேந்திய துறவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் எதைக் கண்டாலும் பயப்படும் திருடன். பல்செட் அக்கா, ஏணியைத் தோளில் சுமந்து தெருவிளக்கு ஏற்றும் பெண். மேசைக்காரர்கள் அவளுக்கு விளக்கம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முந்தைய கதைகளில் எல்லாம் அக்கா வெளிப்படையாகவே பறவையாக மாறும் ஆள்தான். ஒரு கதையில் கூகை, ஒரு கதையில் கழுகு, ஒரு கதையில் யாருக்கும் பிடிக்காத ஒரு நாரை. "அக்கா, ஒரே ஒரு தடவ ஓநாயா வாங்களேன்" என்று நர்ஸ் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அக்காவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "ஓநாய்க்குப் பல்லு இருக்கும்மா. வாரம் பூரா பல்லோடதான் குடித்தனம் நடத்துறேன். ஞாயித்துக்கிழமையும் பல்லா?"

இந்தக் கதை தொடங்கியபோது, "இந்தத் தடவ றெக்கை கிக்கை ஒண்ணும் கிடையாது, வெறும் மனுஷி" என்று முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். முதலில் யாரும் நம்பவில்லை. போகப்போக மறந்துவிட்டார்கள். உருமாறுகிறவர்கள் யாரென்று தெரிந்தால் அந்த ஊரில் நடுச்சந்தியில் வைத்துக் கொளுத்திவிடுவார்களாம். அதனால் இந்த இரகசியம் அக்காவுக்கும் கடைக்காரருக்கும் மட்டும். கண்ணாடி மேலே ஏறினால் காக்கை, கீழே இறங்கினால் மனுஷி. அதுதான் இருவருக்கும் பேச்சு.

காக்கையாக இருக்கும்போது வாய் திறப்பதில்லை என்பது அக்கா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கடைக்காரர்கூட அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்றுதான் சொன்னார். ஒருமுறை டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு விழுந்துவிட்டது. கண்ணாடி மேலே இருந்ததால் ஒரு வார்த்தை பேசாமல் முழு டம்ளரையும் குடித்து முடித்தார். மனுஷியாக இறங்கி வந்த பிறகுதான், "யாரு டீ போட்டது?" என்று பிடித்துக்கொண்டார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிர்ச்சுவரில் இருக்கும் கண் பரிசோதனைப் பலகையின் மிகப் பெரிய எழுத்துகூட அவர் கண்ணுக்குக் கரும்புகைதான். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "காக்காவுக்குப் படிப்பு எதுக்கு?" என்பார்.

அவருடைய தொழில், ஊரார் வாய்க்குப் பல் கட்டுவது. மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, காய்ந்த பிளாஸ்டர் ஈறின்மேல் ரோஸ் நிற மெழுகைப் பரப்பி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் கடிபடுகிறதா என்று பார்த்து, மெழுகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஈறு வார்த்து, ராவி, பளபளப்பாக்கி அனுப்ப வேண்டும். பிளாஸ்டர் தூசு அவருடைய புருவத்திலேயே குடியிருக்கிறது. முகம் பார்க்காமல் வாயை மட்டும் பார்த்துப் பழகியதால், தெருவில் எதிரே வருபவர்களை அவருக்குப் பெயரால் தெரியாது. "அந்த முன்பல் சந்துக்காரர் நல்ல மனுஷன்" என்பார். பல்லு போனா சொல்லு போச்சு என்று சொல்வார்களே, அந்தச் சொல்லைத் திரும்பக் கொடுப்பவர் தான்தான் என்று கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையில் கோட்டைப் பிரபுவைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைக்காரர் அறையை இருட்டாக்கி, குரலைத் தாழ்த்தி, பிரபுவின் நீண்ட கோரைப்பற்கள் உதட்டுக்கு வெளியே மின்னுவதை வர்ணித்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா குறுக்கே புகுந்தார். "அவ்ளோ நீளம் வெச்சா வாய மூட முடியாது தம்பி. கீழுதடு புண்ணாயிடும். ராத்திரி தூக்கத்துல கடிச்சிக்குவாரு." நர்ஸ் சிரித்த சிரிப்பில் பயம் எல்லாம் ஓடிப்போய்விட்டது. அடுத்த வாரம் முதல் பிரபுவின் பற்கள் அளவோடு இருந்தன.

பறவை ஏன் என்று கேட்டால் பல்லில்லாத பிறவி என்ற விளையாட்டுப் பதில்தான் வரும். உண்மையான காரணத்தை ஒருநாள் நர்ஸிடம் மட்டும் சொன்னார். அக்காவுக்குக் கனத்த உடம்பு. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து முழங்கால் இரண்டும் மக்கர் செய்கின்றன. வேலையிடத்தில் எல்லாச் சிக்கலும் அவர் மேசைக்குத்தான் வரும். வீட்டில் சாவி தொலைந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். "பறக்கறப்ப முட்டி வலிக்காதும்மா. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. காக்காகிட்ட என்னத்த கேக்கறது?" ஞாயிறு மதியத்துக்காக அந்த ஆள் மற்ற ஆறு நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று நர்ஸுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்படிப்பட்ட ஞாயிறுக்குள் அக்காவின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிவாயு அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்ப்பவர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வரி விடாமல் படிப்பவர். கேட்டால், "எதுக்கும் ஒரு முன்ஜாக்கிரதை" என்பார். விபத்து நடந்தால் எப்படி விசாரிப்பது என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். "எங்க முடிஞ்சுதோ அங்க நின்னுக்கணும். அங்கேருந்து பின்னாடி பின்னாடி நடந்து வரணும். அப்பத்தான் எவன் எங்க தப்பு பண்ணான்னு தெரியும்." வேலை போனதும் விபத்தும் போய்விட்டது, விசாரணையும் போய்விட்டது. ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டதும் திரும்பிப் போய்விடுவார். சிரிப்பு என்பதே அந்த வீட்டில் மறந்துபோன பொருளாகிவிட்டது.

ஒருநாள், "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். அக்காவுக்கென்று இருந்தது அந்த ஒரு மதியம்தான். ஆனால் நாற்காலியில் இருந்து தானாக எழுந்துவந்து கேட்கும் மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது? "வாங்களேன்" என்றார். வந்தவருக்கு வில்லாளி வேடம் கொடுத்தார்கள். முதல் நாளே பாலத்தில் கால் வைக்கும் முன் பலகை தாங்குமா என்று தட்டிப் பார்த்தார். கதவைத் திறக்கும் முன் வெளியேற வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். வேன்காரருக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. "சார் இருந்தா சாவு நம்ம பக்கம் வராது" என்றார்.

அந்த வாய்முகூர்த்தம் சரியில்லை.

பிரபு காக்கைகளை வேவு பார்க்க அனுப்புகிறான் என்று ஊர்க்காரன் ஒருவன் சொன்னதைத் துறவி போன வாரம்தான் கேட்டு வந்திருந்தாள். வில்லாளி அதை மனத்தில் பூட்டி வைத்துக்கொண்டார். அந்த ஞாயிறு எல்லோரும் ஆற்றுப் பாலத்தருகே பதுங்கியிருந்தார்கள். "பாலத்துக்கு அந்தப் பக்கம் விளக்கு அணைஞ்சிருக்கு. ஏத்திட்டு வந்துடறேன்" என்று அக்கா கிளம்பினார். கண்ணாடி மேலே ஏறியது. கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பறந்து வரும் நேரம், கடைக்காரர் வழக்கம்போல, "பனிக்குள்ளேருந்து ஒரு அண்டங்காக்கா பாலத்துக்கு மேல வருது" என்றார்.

"அடிக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர்.

கடைக்காரர் தடுமாறினார். "சும்மா ஒரு காக்கா சார்..."

"எதுக்கும் ஒரு முன்ஜாக்கிரதை" என்று பகடையை உருட்டினார். அது உருண்டு உருண்டு வந்து இருபதில் நின்றது. அதற்கு மேல் எண்ணே கிடையாது.

வேன்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினார். நர்ஸ் விசிலடித்தார். வீட்டுக்காரர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணாடி தலையில் இருந்ததால் அக்காவுக்கு அந்த முகம் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. இடது கடைவாயில் ஒரு பல் இல்லாத இடத்தில் காற்று சீட்டியடித்து வெளியேறுவதுகூடக் கேட்டது. அந்தப் பல்லைக் கட்டித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியும் அவர் ஒத்துக்கொண்டதில்லை. அந்தச் சீட்டியைக் கேட்டே வெகுகாலம் ஆகிவிட்டது.

உருமாறியவர் செத்தால் உடம்பு பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும் என்பது கதையின் விதி. காக்கை பாலத்தில் விழுந்தால், அடுத்த நொடியே அங்கே அம்பு தைத்த விளக்கம்மா கிடப்பாள். எய்தவர் யாரென்று சொல்லவேண்டியதில்லை. கண்ணாடியை இறக்கி, "ஐயையோ, அது நான்தாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரர் எப்படியாவது அம்பைத் திசை திருப்பிவிடுவார். காக்கை பிழைக்கும். ஆனால் இந்தச் சிரிப்பு பிழைக்காது. "நான் வந்தாலே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பிறகு அவரை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியாது.

கடைக்காரர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இறங்கவில்லை. மேசைமேல், பழைய விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் வரைந்த வரைபடம் விரிந்திருந்தது. அக்கா பாலத்தின் மேல் ஒரு வேர்க்கடலையை வைத்தார். விளையாட்டுப் போல விரலால் தள்ளித் தள்ளி, ஆற்றைக் காட்டும் நீலக் கோட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்.

"காக்கா... ஆத்துல விழுந்துடுச்சு" என்றார் கடைக்காரர். "வெள்ளம் அடிச்சிட்டுப் போகுது." தனக்கு முன்னால் நிறுத்தியிருந்த அட்டைக்குப் பின்னால் ஒரு பகடையை உருட்டினார். என்ன விழுந்தது என்று சொல்லவில்லை.

மீதி ஆட்டம் முழுக்க அக்கா கண்ணாடியை இறக்கவில்லை. பேசவும் இல்லை. "அக்காவுக்குத் தலைவலி. விளக்கம்மா இன்னும் திரும்பி வரல, அவ்வளவுதான்" என்று கடைக்காரர் சமாளித்தார். அதைக் கேட்டதும் வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றது. "தனியாவா போனா? யாரு அவள தனியா விட்டது?" என்று துடித்தார். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பனியில், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வில்லாளி இருட்டும்வரை தேடினார். வேன்காரர், "பேய் வரும் சார், போயிடலாம் சார்" என்று அழுதும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதும் வீட்டுக்காரருக்கு அதே பேச்சு. "இருபது விழுந்துச்சு பாத்தியா! அவங்க கைதட்டினது கேக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு போ." கொஞ்ச தூரம் போனதும், "ஆமா, உன் ஆளு எங்க போனா? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"எனக்கும் தெரியாதுங்க" என்றார் அக்கா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. இல்லாத ஊரில் இல்லாத ஒரு காக்கைக்காக நெஞ்சு அடைப்பதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டதால் அடைப்பு குறையவில்லை. ஒரு மேல்செட்டில் இடது கோரைப்பல்லை வலப்பக்கமும், வலது கோரைப்பல்லை இடப்பக்கமும் நட்டு வைத்துவிட்டார். பக்கத்து மேசைப் பெண் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இதப் போட்டுக்கிட்டா கண்ணாடியில பாத்தாதான் சரியாத் தெரியும் போல" என்று கேலி செய்தார். இத்தனை வருடத் தொழிலில் அக்கா அப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. சிரித்துக்கொண்டே மெழுகைச் சூடாக்கிப் பற்களைப் பிடுங்கி எடுத்தார். எடுக்கும்போது கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் நின்றார். எதிர் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏதோ கறுப்பாக உட்கார்ந்திருந்தது. காக்கையா, யாராவது காயப்போட்ட துணியா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் டீ கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணாடி இல்லாம உனக்கு என்னம்மா தெரியுது?"

அக்கா பேசவில்லை. கேட்ட கேள்வி காதில் விழாதது போல் நின்றார். டீயை வாங்கிக்கொண்டு, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிய பிறகுதான், "ஒண்ணும் தெரியலங்க. கொஞ்ச நேரம் தெரியாம இருந்தா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அன்று மாலை அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தபோது, மனிதர் கூடத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார் போலிருக்கிறது என்று அக்கா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சாப்பாட்டில் அவர் தலை நிமிரவே இல்லை. உப்பு குறைவு என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புதிதாக ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்லப்போகிறார் என்றே நினைத்திருந்தார். என்ன பறவை என்று யோசிக்கக்கூட மனம் வரவில்லை. கடைக்காரர் விளக்கை மங்கலாக்கினார். பக்கத்து நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் முதல் ஆளாக, "நான் ஆத்தங்கரையோட தேடிட்டே போறேன்" என்றார்.

கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கரையில சேறு. சேத்துல ஒரு அண்டங்காக்கா கிடக்குது. ஒரு றெக்கை தொங்குது. ஆனா உயிர் இருக்கு."

அக்காவின் கை தானாக மேலே போனது. கண்ணாடி தலைக்கு ஏறியது. மேசை, முகங்கள், சுவர்ப்பலகை எல்லாம் புகையாகக் கரைந்தன.

"சார், அதே வேவுக்காக்கா!" என்று வேன்காரர் துள்ளினார். "விடாதீங்க சார், முடிச்சிடுங்க!" நர்ஸும் ஆமாம் போட்டார். யாரோ பகடையை எடுத்து வீட்டுக்காரர் கையில் திணிக்கும் சத்தம் கேட்டது. இந்த முறை ஆற்றில் தள்ளிவிட வழியில்லை. அடுத்த அம்பு பட்டால் சேற்றில் கிடப்பது விளக்கம்மாதான். அப்போதும் அக்கா வாயைத் திறக்கவில்லை.

பகடையை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. உருட்டும் சத்தம் வரவில்லை.

"வில்லக் கீழ வெச்சிடறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"ஏன் சார்?"

"எதுக்கும் ஒரு முன்ஜாக்கிரதை. பக்கத்துல உக்காந்து, கையில ரெண்டு தானியம் எடுத்து நீட்டறேன். அது வந்தா வரட்டும்."

வேன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தட்டிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்துத் தோல் உரிக்கும் மெல்லிய சத்தம் அக்காவின் காதருகே கேட்டது. பிறகு, மேசையின் விளிம்புக்குக் கீழே, வேறு யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு கை வந்து அவர் மடிப்பக்கம் நின்றது. புகைக்குள் அந்த உள்ளங்கை மட்டும் வெளிறித் தெரிந்தது.

அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். இரண்டு விரல்களைக் குவித்து, அந்தக் கடலையைக் கொத்தி எடுத்துக்கொண்டார்.